மாவுப்பூச்சியா, அதைத் தின்னும் புழுவா? கடலூர், புதுவைத் தோட்டக்காரர்களுக்கு

செம்பருத்தியிலோ கொய்யாவிலோ வெள்ளையாக ஏதாவது அப்பியிருந்தால் உடனே மருந்து அடிப்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள்ளேயே, அதைத் தின்பவனும் மெழுகு பூசிக்கொண்டு திரிவான். மருந்து இருவரையும் கொல்லும். மாவுப்பூச்சியின் முட்டைகள் மட்டும் மெழுகுப் பைக்குள் தப்பித்து, சில நாளில் பொரித்துவிடும். தின்பவன் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அடித்த பிறகு முன்னைவிட அதிகமாக வருகிறதே என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

பிரித்துப் பார்க்க 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மெல்லிய வாட்டர்கலர் பிரஷ், வெள்ளைத் தாள், மூடி போட்ட கண்ணாடி பாட்டில் ஆகியவை போதும். காலை 6:30 முதல் 8 மணிக்குள் பாருங்கள். வெயில் ஏறிவிட்டால் பல பூச்சிகள் இலைக்கு அடியில் ஒதுங்கிவிடும். கிளைக்குக் கீழே தாளைப் பிடித்து நாலு தட்டு தட்டினால் கண்ணில் படாதவையும் விழும்.

வெள்ளை மாவு: யார் யார்?

மாவுப்பூச்சி சுமார் 3 மி.மீ. நீளம். உடலோரத்தில் மெழுகு குட்டையாக, ஒழுங்காக இருக்கும். ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செருகிச் சாறு குடிப்பதால், பிரஷால் தொட்டாலும் அவசரப்படாது. கணுக்களிலும் இலைக்காம்பின் இடுக்கிலும் நெருக்கியடித்துக் கிடக்கும். சுற்றிலும் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம், வரிசையாக எறும்பு.

அதைத் தின்பது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலிய இனம். முழுதாக வளர்ந்தால் 1 செ.மீ.க்கு மேல் இருக்கும். மெழுகு இழைகள் நீளமாக, தாறுமாறாகத் தொங்கும். பிரஷால் தொட்டால் ஆறு கால்களும் வெளியே தெரிய நகர்ந்து ஓடும். சிறிய புழு என்றால் அளவை வைத்துச் சொல்ல முடியாது. அப்போது ஓட்டத்தையும் இழையின் நீளத்தையும் பாருங்கள். ஒரு கூட்டத்துக்குள் ஒன்றிரண்டு மட்டும் வித்தியாசமாக அலைந்து, பக்கத்தில் உள்ளீடு இல்லாத வெள்ளைச் சக்கை கிடந்தால் சந்தேகம் வேண்டாம். வளர்ந்த வண்டு 4 மி.மீ. அளவில் கருமையாக, தலையும் பின்நுனியும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இதற்கு வெள்ளையும் கிடையாது, புள்ளியும் கிடையாது. அதனால் இதையும் ஏதோ கெட்ட வண்டு என்று நசுக்குகிறார்கள்.

பப்பாளியில் இன்னொரு வேடதாரி உண்டு. மாவு போர்த்திய, தட்டையான, கால் தெரியாமல் ஊர்கிற புழு. இது சிறு பட்டாம்பூச்சி ஒன்றின் புழு. இலை தின்னாது, மாவுப்பூச்சியைத் தின்னும். இதன் கூட்டுப்புழுவை மேலிருந்து பார்த்தால் குரங்கு முகம் போலவே இருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்டது. அதை அடக்கியது மருந்தல்ல. 2010இல் கொண்டுவந்து விட்ட அசிரோஃபேகஸ் என்னும் மிகச் சிறிய குளவி. அந்தக் குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, கெட்டியாகிவிடும். இந்தப் பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அந்தக் கிளையை வெட்டி எரிக்காதீர்கள். உள்ளே அடுத்த தலைமுறைக் குளவி இருக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது எறும்பை. மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், தின்ன வருபவர்களை விரட்டும். தண்டைச் சுற்றி 5 செ.மீ. அகலத்துக்குக் காகித டேப் ஒட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின்மேல் நேரடியாகத் தடவினால் பட்டை வெந்துபோகும். கிளை சுவரையோ பக்கத்துத் தொட்டியையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும், கத்தரித்து விடுங்கள்.

புள்ளி வண்டுகள்

பாலூர்ப் பக்கம் கத்தரி போடுகிறவர்களுக்கு, இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள்தான் அதைப் பொறிவண்டு என்று வளர்த்துவிடுகிறார்கள். புள்ளியை எண்ணலாம்: எபிலாக்னாவுக்கு 12 அல்லது 28. ஆனால் வண்டு எண்ண விடாது. முதுகின் பளபளப்பைப் பார்ப்பது சுலபம். எபிலாக்னாவின் முதுகில் நுண்மயிர் இருப்பதால் மங்கலாக, பொடி தூவியதுபோல் தெரியும். அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சியைத் தின்னும் பொறிவண்டு மெருகு போட்டதுபோல் மின்னும். நம் தோட்டங்களில் அதிகம் வருவது மஞ்சள் முதுகில் கறுப்பு வளைகோடு ஓடும் வகையும், ஆரஞ்சில் கறுப்புப் பட்டை உள்ள வகையும்.

இலையே சாட்சி சொல்லும். எபிலாக்னா கத்தரி, பாகல் இலைகளின் பச்சையத்தைச் சுரண்டி, நரம்பை மட்டும் வலையாக விட்டுவிடும். அந்த இடம் காய்ந்து பழுப்பாகும். அதன் புழு மஞ்சள், உடலெங்கும் கிளைத்த முட்கள், மெதுவாக நகரும். பொறிவண்டின் புழு நீளமாக, சாம்பல் கறுப்பில் ஆரஞ்சு அல்லது வெள்ளைத் திட்டுகளுடன், பின்பக்கம் ஒடுங்கி, முதலைக் குட்டிபோல் இருக்கும்; அசுவினி தேடி வேகமாக ஓடும். படம் போட்டு விற்கும் பொறிவண்டைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் புழுவைத்தான் அதிகம் கொல்கிறார்கள்.

சிக்கல் முட்டையில். இரண்டுமே மஞ்சளாக, நட்டுவைத்த மாதிரி குவியலாக இடும். பக்கத்தில் அசுவினி இருக்கிறதா, சுரண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அந்த இலையைப் பாட்டிலில் போட்டு மூடியில் மெல்லிய துணி கட்டி வையுங்கள். சில நாளில் பொரிந்து வருவது மஞ்சள் முள்புழுவா, கறுப்புப் புழுவா என்று தெரிந்துவிடும்.

எபிலாக்னாதான் என்று உறுதியானால் காலையில் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதே நாலு தொட்டிக்குப் போதும். அதிகமானால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம்: 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வடிகட்டல் சரியில்லை என்றால் நாசில் அடைத்துக்கொள்ளும். சோப் அதிகமானால் கத்தரித் தளிர் கருகும். வேம்பு என்பதால் நண்பர்களை ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். இளம்புழு மேல் நேராகப் பட்டால் அதுவும் சாகும்.

அசுவினிக்குள் கால் இல்லாத புழு

தை மாத அவரையில் கறுப்பு அசுவினி மொய்த்திருக்கும்போது, நடுவில் பச்சையாகவோ வெளுப்பாகவோ ஒரு புழு நெளியும். காய்ப்புழு என்று நினைத்து நசுக்குவார்கள். லென்ஸில் பாருங்கள்: காய்ப்புழுவுக்குத் தனித் தலையும், முன்னால் மூன்று ஜோடிக் கால்களும் உண்டு. இதற்குத் தலையும் தெரியாது, காலும் கிடையாது. மலரின் முன் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் மிதவை ஈயின் புழு இது, தின்பது அசுவினியை. அந்த ஈயையே பாகல், பீர்க்கில் பிஞ்சைக் குத்தும் பழ ஈ என்று குழப்பிக்கொள்வோரும் உண்டு. பழ ஈ பிஞ்சின்மேல் இறக்கையை விரித்து நடக்கும், இறக்கையில் பழுப்புத் திட்டு இருக்கும். மிதவை ஈயின் இறக்கை தெளிவானது, பூவில்தான் வேலை.

அதே கிளையில் உப்பிய, வைக்கோல் நிற அசுவினி தெரிந்தால் அதற்குள்ளும் குளவிதான். இலை தின்னும் புழுவின்மேல் ஒட்டிய வெள்ளை அரிசி போன்றவற்றைப் "புழு முட்டையிட்டிருக்கிறது" என்பார்கள். புழு முட்டையிடாது, அது குளவியின் கூடு. அந்தப் புழுவை அப்படியே விடுங்கள், அது இனி அதிகம் தின்னாது. இலையில் நூல் நுனியில் நிற்கும் முட்டைகள் அசுவினியைத் தின்னும் பச்சை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. பூசணம் என்று துடைத்துவிட வேண்டாம்.

சிவப்பு நாவாய்ப்பூச்சிகள்

வெண்டையில் கூட்டமாகச் சிவப்புப் பூச்சி இருந்து, தலைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டையும் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரிந்தால், அது பருத்தியைக் கெடுக்கும் சிவப்பு நாவாய். தனியாக அலையும், கழுத்து ஒடுங்கிய, சிவப்பும் கறுப்புமான பூச்சி கொலைகார நாவாய். புழுக்களைக் குத்திக் குடிக்கும். மூக்கைப் பாருங்கள்: செடிச்சாறு குடிப்பதன் மூக்கு நேராக, மெல்லியதாக வயிற்றோடு படிந்திருக்கும், கொலைகாரனுக்குக் குட்டையாக, தடித்து வளைந்திருக்கும். கையால் பிடிக்காதீர்கள், குத்தினால் கடுமையாக வலிக்கும். பண்ருட்டி முந்திரியில் சாறு குடிக்க வரும், தேயிலைக் கொசு என்ற நாவாயும் செந்நிறம்தான். அதன் முதுகில் குண்டூசி போல் ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். அது இருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், பகைவன்தான்.

யார் என்றே தெரியாவிட்டால்

பாட்டிலில் அந்தப் பூச்சியை மட்டும், ஒரு சுத்தமான இலையோடும், எண்ணிப் போட்ட 20 அசுவினியோடும் வையுங்கள். துணி மூடி, வெயில் படாத இடம், 24 மணி நேரம். அசுவினி குறைந்தால் நண்பன். இலையில் ஓட்டையோ சுரண்டலோ இருந்தால் பகைவன். இரண்டும் இல்லை என்றால் அது சாறு குடிப்பதாக இருக்கலாம், மூக்கைப் பாருங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் பாட்டிலோடு குரும்பாபேட்டிலோ விருத்தாசலத்திலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். செத்துக் காய்ந்த பூச்சியைவிட உயிரோடு, அது இருந்த இலையோடு கொண்டுபோனால் சொல்வது எளிது.

எருக்குழியில் கிடைக்கும் வளைந்த வெள்ளைப் புழுக்களைச் சமமான தரையில் போட்டுப் பாருங்கள். முதுகால் மல்லாந்து ஊர்ந்தால் அது பூவண்டின் புழு. மக்கியதைத் தின்று உரமாக்கும், திரும்பக் குழியிலேயே விடலாம். பக்கவாட்டில் வளைந்து கிடந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அதுவும் குழியில் செடியைத் தின்னாது. ஆனால் வளர்ந்து பறந்ததும் தென்னங்குருத்தைத் துளைக்கும். பக்கத்தில் தென்னை இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். குழி பெரியது என்றால் வண்டுப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். பூவண்டின் புழுக்கள் நிறைய இருந்தால், ஊற்றுவதற்கு முன் அவற்றைத் தனியே எடுத்து வேறு எருவில் போடுங்கள்.