அலுவலக ஃபைல்களுக்கு பேக்கப்: முதன்முறை செய்பவர்களுக்கு

இரண்டு வெளி ஹார்டு டிஸ்க், ஒரு கிளவுட் கணக்கு, வாரத்தில் அரை மணி நேரம். நாலைந்து கணினி உள்ள அலுவலகத்துக்கு இது போதும். கீழே உள்ளவை விண்டோஸ் 11-க்கான வழிகள். 10-லும் ஏறக்குறைய இதேதான்.

படி 1: எதை எடுப்பது?

விண்டோஸையும் மென்பொருளையும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். உரிம எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். திரும்பக் கிடைக்காதவை நீங்கள் உருவாக்கியவைதான்: டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், ஸ்கேன் செய்த தாள்கள், அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசி ஒன்று. அது டாக்குமெண்ட்ஸில் இருக்காது. சி டிரைவில் தனியாக ஒரு மூலையில் கிடக்கும். மென்பொருளைத் திறந்து, டேட்டா எங்கே இருக்கிறது என்று செட்டிங்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். மொத்தம் 200 ஜிபி வந்தால் 1 டிபி டிஸ்க் வாங்குங்கள். பழைய பிரதிகளுக்கும் இடம் வேண்டும்.

படி 2: டிஸ்கைத் தயார் செய்தல்

இரண்டு டிஸ்கிலும் மார்க்கரால் அ, ஆ என்று எழுதுங்கள். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்தால், இடம் காலியாக இருந்தும் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை அது ஏற்காது. பெரிய பிஎஸ்டி ஃபைல் மாட்டுவது இங்கேதான். பென் டிரைவ் கைமாற்றிக் கொடுக்கத்தான், பேக்கப்புக்கு வேண்டாம்.

படி 3: டிஸ்க் அ, தானாக ஓடுவது

முக்கியமான ஃபைல்கள் இருக்கும் கணினியில் டிஸ்க் அ-வை மாட்டுங்கள். கன்ட்ரோல் பேனல், சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி, ஃபைல் ஹிஸ்டரி என்று போய் டர்ன் ஆன் கொடுங்கள். மாறிய ஃபைல்களை மணிக்கு ஒருமுறை பிரதி எடுக்கும். காலையில் சரியாக இருந்த எக்ஸெல் ஷீட்டை மதியம் யாரோ கெடுத்துவிட்டால், காலைப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பழைய பிரதிகளை எவ்வளவு காலம் வைப்பது என்பது ‘ஃபாரெவர்’ என்று இருக்கும். அப்படியே விட்டால் ஒருநாள் டிஸ்க் நிறைந்துவிடும். 1 வருடம் என்று மாற்றுங்கள்.

ஃபைல் ஹிஸ்டரி டெஸ்க்டாப்பையும் லைப்ரரியில் (டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற விண்டோஸின் தொகுப்புகளில்) உள்ள ஃபோல்டர்களையும்தான் முக்கியமாக எடுக்கும். படி 1-இல் குறித்த கணக்கு ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’, ‘இன்க்ளூட் இன் லைப்ரரி’ வழியாக டாக்குமெண்ட்ஸில் சேர்த்துவிடுங்கள்.

படி 4: டிஸ்க் ஆ, கையால் எடுப்பது

இந்தப் படிதான் உயிர். டிஸ்க் அ எப்போதும் மாட்டியே இருக்கிறது. ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், நுழைந்தால், கணினிக்குத் தெரியும் எல்லா டிரைவையும், ஷேர் செய்த ஃபோல்டர்களையும் சேர்த்தே பூட்டும். டிஸ்க் அ-வும் அதில் போகும். கழற்றி வைத்த டிஸ்கை அதனால் தொட முடியாது.

வாரம் ஒருநாள், வேலை முடிந்ததும்:

முதலில் எல்லாக் கணினிகளிலும் கணக்கு மென்பொருளையும் அவுட்லுக்கையும் மூடச் சொல்லுங்கள். திறந்திருக்கும் டேட்டாவை காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் அது சிக்கலாம். சில சமயம் காப்பி எந்தக் குறையும் சொல்லாமல் முடிந்துவிடும். மீட்கும் நாளில்தான் டேட்டா கெட்டுப்போனது தெரியும். மென்பொருளிலேயே பேக்கப் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

டிஸ்க் ஆ-வில் 2026-03-06 என்பதுபோல வருடம், மாதம், தேதி வரிசையில் ஃபோல்டர் போட்டு அதற்குள் காப்பி செய்யுங்கள். இப்படிப் பெயர் வைத்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும். பழைய ஃபோல்டர்மேல் எழுதாதீர்கள். சேதமான ஃபைல் நல்ல பிரதியை விழுங்கிவிடும். கடைசி நாலு வாரம் இருந்தால் போதும்.

இரு பக்கமும் பிராப்பர்ட்டீஸில் ஃபைல்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு முறைப்படி எஜெக்ட் செய்து, டிஸ்கை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோங்கள். அதே மேசை டிராயரில் வைத்தால் தீயோ திருட்டோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

படி 5: கிளவுட்

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றின் சிங்க் (கணினியிலும் கிளவுடிலும் ஒரே ஃபைல்களை ஒரே நிலையில் வைப்பது) பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அழிந்தது தெரியவே மூன்று மாதம் ஆகலாம். அதனால் அந்த வாரத்து ஃபோல்டரை ஜிப் செய்து, சிங்க் ஆகாத தனி இடத்தில் ஏற்றுங்கள். கிளவுட் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனில் வரும் குறியீடு போன்ற இன்னொரு சோதனை) கட்டாயம்.

படி 6: மீட்டுப் பார்த்தல்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப் வழிகள் பல இருந்தும், வழக்கமாக எடுக்கப்பட வேண்டிய பேக்கப் எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத்து டேட்டா போயிற்று.

மாதம் ஒருமுறை டிஸ்க் ஆ-வை வேறொரு கணினியில் மாட்டுங்கள். ஒரு பழைய எக்ஸெல்லைத் திறந்து பாருங்கள். கணக்கு டேட்டாவை மீட்டு, கடைசி பில் எண் சரியா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கணினியாக இருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியும் தாளில் இருக்கிறதா என்று அதே நாளில் பார்த்துவிடுங்கள். அந்தச் சாவியை அதே கணினிக்குள் சேமித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.