247 எழுத்தையும் வரைய வேண்டாம், 76 போதும்

வீட்டிலேயே தமிழ் எழுத்துரு செய்பவர்கள் 247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டாம். உயிர் 12, ஆய்தம், க முதல் ன வரை 18, புள்ளி, ா ி ீ ெ ே ை என்ற ஆறு குறிகள், கு கூ வரிசைக்கு 36, அப்புறம் டி, டீ. மொத்தம் 76 வடிவங்கள்.

யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை) ‘கெ’ என்பது க, அதற்குப் பின் ஒரு குறி. அந்தக் குறியை முன்னால் கொண்டுபோய் வைப்பது கணினியின் வேலை. கொ, கோ, கௌ மூன்றுக்கும் அது குறியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். கௌவின் பின்பாதிக்கு ள-வை நகலெடுத்து வைத்தால் சரி. உகர, ஊகார வரிசைக்கும் டி, டீக்கும் மட்டும் இது நடக்காது: கு, சு, து, ரு ஒவ்வொன்றும் ஒரு விதம், அவற்றை வரைந்து, எழுத்தும் குறியும் சேர்ந்து வந்தால் அந்த ஒரே வடிவத்தைக் காட்டச் சொல்லும் லிகேச்சர் விதி எழுதியே ஆக வேண்டும். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

மொரிஷியஸில் காவடி அழைப்பிதழில் தமிழோடு பிரெஞ்சும் வரும். அதற்கும் இதே வழி: ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு செய்யும் மென்பொருளில் மேற்குறிகளை ஒருமுறை வரைந்து, ‘ரெஃபரன்ஸ்’ ஆக (மூலத்தோடு இணைந்த நகலாக) e, a, u மேல் வைத்துவிடலாம். நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் எண்களையும் சேர்த்துவிடுங்கள், அழகு.

ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ வேண்டுமென்றால் கூடுதலாக வரைய வேண்டும். கி, ணி போன்றவற்றில் கொக்கி எழுத்தோடு ஒட்டி ஓடும் கையெழுத்துப் பாணிக்கு இந்த வழி ஒத்துவராது; அங்கே இகர, ஈகார வரிசைகளையும் முழுதாக வரைவதே நல்லது.