சேலம் ஸ்பார்ட்டன்ஸின் ஒரு சீசனை நோட்டு போட்டுப் பின்தொடர்வது எப்படி?

டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக், இருபது ஓவர் கிரிக்கெட்) தொடங்கினால் சேலத்து டீக்கடைகளில் பேச்சுக்குக் குறைவிருக்காது. யார் அடித்தார், யார் கேட்ச் விட்டார் எல்லாம் அத்துபடி. ஆனால் நாலைந்து ஆட்டம் முடிந்த பிறகு "நம்ம டீம் பிளே-ஆஃப் போகுமா?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். அந்தப் பதிலை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு நாற்பது பக்க நோட்டும், போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். கிரிக்கெட் விதிகளை ஓரளவு தெரிந்திருந்தால் சரி.

படி 1: முதல் பக்கத்தில் அணியைப் பற்றி எழுதுங்கள்

லீக் 2016-இல் தொடங்கியது, மொத்தம் எட்டு அணிகள். சேலம் அப்போது பட்டியலிலேயே இல்லை. தூத்துக்குடியின் பெயரில் ஆடிய டூட்டி பேட்ரியாட்ஸ்தான் 2021-இல் இடம் மாறி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. முதல் சீசன் கோப்பையை வென்றது அந்த டூட்டி அணிதான். "நாம கப் அடிச்சிருக்கோமா இல்லையா" என்ற சண்டைக்கு இதுதான் காரணம். அணி உரிமையின் (ஃபிரான்சைஸ்) வரலாற்றில் கோப்பை உண்டு. சேலம் என்ற பெயரில் 2025 வரை கிடையாது. இதை எழுதி வைத்துவிட்டால் சண்டையில் நீங்கள் நடுவராகலாம்.

வீரர் பட்டியலையும் இதே பக்கத்தில் ஒட்டுங்கள். 2023-லிருந்து ஏலம் வந்துவிட்டது, அதற்கு முன்பு டிராஃப்ட், அதாவது அணிகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. ஊர்ப்பற்றுக்கு ஏலத்தில் வேலையில்லை. நம்ம சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2024-இல் ஆடியது திருப்பூர் தமிழன்ஸுக்கு. சேலத்துக்காரர் எதிரணியில் பந்து போடும் நாளில் யாருக்குக் கைதட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2: ஏழு வரிசை, ஆறு கட்டம்

லீக் சுற்றில் ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளுடன் தலா ஒரு முறை மோதும். ஆக, நம் அணிக்கு ஏழே ஆட்டம். ஐ.பி.எல்.லில் பதினான்கு இருப்பதால் ஒரு கெட்ட வாரத்தை ஈடுகட்ட நேரம் கிடைக்கும். இங்கே கிடையாது. முதல் ஆட்டத்திலிருந்தே நோட்டு போடச் சொல்வது அதனால்தான்.

கட்டங்கள்: எதிரணி, நம் ரன், நம் ஓவர், எதிரணி ரன், எதிரணி ஓவர், புள்ளி. வென்றால் 2, முடிவில்லாமல் போனால் 1, தோற்றால் பூஜ்யம். ஆட்ட நாயகன், சிக்ஸர் எண்ணிக்கை எல்லாம் வேண்டுமானால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விக்கெட்டுக்கு நான் கட்டமே போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் அடுத்த படியில்.

ஓவரை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. 16.3 ஓவர் என்றால் பதினாறு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் கணக்கில் அது 16.5. ஒரு பந்துக்கு 0.167, இரண்டுக்கு 0.333, மூன்றுக்கு 0.5, நான்குக்கு 0.667, ஐந்துக்கு 0.833. நோட்டின் அட்டையிலேயே இதை எழுதிவிடுங்கள்.

வைடும் நோ-பாலும் ஓவர் கணக்கில் சேராது, ரன்னில் மட்டும் சேரும். இதன் வலி சேலத்துக்கு நன்றாகத் தெரியும். 2023 ஜூன் 13, கோவை, எதிரணி சேப்பாக் சூப்பர் கில்லீஸ். இருபதாவது ஓவரை வீசியவர் நம் கேப்டன் அபிஷேக் தன்வர். கடைசிப் பந்தில் ஸ்டம்ப் பறந்தது, ஆனால் அது நோ-பால்: 1 ரன். அடுத்ததும் நோ-பால், அதில் சிக்ஸர்: 7. மறுபடி நோ-பால், ஓடி இரண்டு: 3. பிறகு ஒரு வைடு: 1. கடைசியில் ஒழுங்காக விழுந்த பந்தும் சிக்ஸர்: 6. கூட்டினால் 18. நோட்டில் ஓவர் கட்டத்தில் ஏறியது ஒரே பந்து.

படி 3: நெட் ரன் ரேட் (இங்கே மட்டும் கொஞ்சம் நிதானமாக)

புள்ளி சமமாக நிற்கும் அணிகளில் யார் மேலே என்று பிரிப்பது இதுதான். மேலே சொன்ன ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சேப்பாக் 20 ஓவரில் 217. சேலம் 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 165. நம் வேகம், அதாவது ஓவருக்கு எத்தனை ரன் என்பது, 165 ÷ 20 = 8.25. அவர்கள் வேகம் 217 ÷ 20 = 10.85. கழித்தால் –2.60. அவ்வளவுதான் நெட் ரன் ரேட்.

அடுத்த ஆட்டம் கற்பனை என்று வைத்துக்கொள்வோம். எதிரணி 20 ஓவரில் 150. நாம் 16.3 ஓவரிலேயே 151 எடுத்து வென்றோம். இப்போது பலரும் செய்வது இரண்டாவது ஆட்டத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டையும் கூட்டி, பாதியாக்குவது. அது தப்பு. ரன்னை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, ஓவரை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, பிறகுதான் வகுக்க வேண்டும்.

நம் பக்கம்: 165 + 151 = 316 ரன், 20 + 16.5 = 36.5 ஓவர். வேகம் 8.66. எதிர்ப்பக்கம்: 217 + 150 = 367 ரன், 40 ஓவர். வேகம் 9.175. வித்தியாசம் –0.52.

இதே 151-ஐ 19.3 ஓவர் வரை இழுத்துப் போய் வென்றிருந்தால்? 316 ÷ 39.5 = 8.00. வித்தியாசம் –1.175. அதே வெற்றி, அதே 2 புள்ளி, ஆனால் மூன்று ஓவர் தாமதத்துக்கு 0.66 அபராதம். மறுநாள் பேப்பரில் இரண்டுக்கும் "7 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி" என்றே போட்டிருக்கலாம். விக்கெட் வித்தியாசம் நெட் ரன் ரேட்டுக்குள் எங்குமே வராது. துரத்தி வென்றால் மிச்சமிருந்த பந்தைப் பாருங்கள், முதலில் ஆடி வென்றால் ரன் வித்தியாசத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் தலைப்புச் செய்தியிலேயே பந்துக் கணக்கைத்தான் போட வேண்டும்.

ஒரு விலக்கு: அணி ஆல்-அவுட் ஆகிவிட்டால், 15 ஓவரில் சுருண்டிருந்தாலும் கட்டத்தில் 20 என்றே எழுத வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் அவுட் ஆனவர்களுக்கு வேகம் அதிகம் என்று கணக்கு வந்து தொலைக்கும்.

படி 4: எத்தனை புள்ளி போதும்?

ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு போடப்படுவது 2 புள்ளி. 28 லீக் ஆட்டத்துக்கு மொத்தம் 56. முதல் நான்கு அணிகள் பிளே-ஆஃபுக்குள்.

ஆறு வெற்றி, அதாவது 12 புள்ளி எடுத்தால் கவலையே இல்லை. ஐந்து அணிகள் 12 எடுக்க 60 புள்ளி வேண்டும், அவ்வளவு புள்ளி லீக்கிலேயே இல்லை. ஐந்து வெற்றி? பெரும்பாலும் போதும், ஆனால் நூறு சதவீத உத்தரவாதம் கிடையாது. ஐந்து அணிகள் கடைசி மூன்று அணிகளையும் வென்று, தங்களுக்குள் ஆளுக்கு இரண்டு வென்று இரண்டு தோற்றால் ஐந்துமே 10-இல் நிற்கும். அபூர்வம்தான், ஆனாலும் நடக்கலாம். நான்கு வெற்றியில் நின்றால் ரன் ரேட் கணக்கைப் பார்த்து நகம் கடிக்க வேண்டியதுதான். முதல் வாரத்தில் வாங்கிய –2.60 வந்து கழுத்தைப் பிடிப்பது இந்த இடத்தில்.

படி 5: மைதானமும் மழையும்

"ஹோம் கிரவுண்ட்" என்பதை இந்த லீக்கில் ரொம்ப நம்ப வேண்டாம். கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்று ஊர் ஊராக லீக்கே நகரும். அந்தந்த ஊருக்கு எல்லா அணிகளும் வந்து ஆடும். நம் ஊர்ச் சுற்று நடப்பது வாழப்பாடிக்கு அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில், சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானத்தில். ஆத்தூர் பஸ்ஸில் ஏறி வாழப்பாடியில் இறங்கலாம். இரவு ஆட்டம் என்றால் திரும்பும் வழியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுவடை செட்டை டவுனிலேயே முடித்துவிட்டுப் போவது உத்தமம்.

சீசன் ஜூன், ஜூலையில் வருவதால் மாலையில் சேர்வராயன் மலைப் பக்கம் கருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள். இரு அணிக்கும் குறைந்தது ஐந்து ஓவராவது கிடைத்தால்தான் ஆட்டத்துக்கு முடிவு. இல்லையென்றால் ஆளுக்கு ஒரு புள்ளி. அந்த வரிசையில் ரன், ஓவர் கட்டங்களை வெறுமையாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள்.

படி 6: பிளே-ஆஃப் பக்கம்

முதல் இரண்டு இடங்களுக்கும் அடுத்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலிரு அணிகள் குவாலிஃபையர் 1-இல் மோதும். வென்றவர் நேராக இறுதிக்குப் போவார், தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாவதும் நான்காவதும் எலிமினேட்டரில் மோதும், தோற்றவர் வீட்டுக்கு. எலிமினேட்டரில் வென்றவரும் குவாலிஃபையர் 1-இல் தோற்றவரும் குவாலிஃபையர் 2-இல் சந்திப்பார்கள்.

இங்கே வந்ததும் ரன் ரேட் கணக்கைக் கோடு போட்டு மூடிவிடலாம். 2025-இல் சேப்பாக் லீக்கின் ஏழு ஆட்டங்களையும் வென்றது. பிறகு குவாலிஃபையர் 1-இல் திருப்பூரிடமும், குவாலிஃபையர் 2-இல் திண்டுக்கல்லிடமும் தோற்று வெளியே போனது. கோப்பை திருப்பூருக்கு. இறுதி வரிசையில் வெற்றியாளர் பெயருக்கு இரண்டு பெயர் கொள்ளும் அளவுக்கு இடம் விடுங்கள்: 2022 இறுதியை மழை கெடுத்ததால் சேப்பாக்கும் கோவையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன.