வீட்ல செஞ்ச ட்ரோன்ல ஒரு மோட்டார் மட்டும் லேட்டா சுத்துதா? த்ராட்டில் காலிபரேஷன் படிப்படியா

நாலு மோட்டாரையும் மாட்டி, வயரெல்லாம் சால்டர் பண்ணி, ஆசையா த்ராட்டில மெதுவா ஏத்துறோம், மூணு சுத்துது ஒண்ணு சும்மா நிக்குது, இன்னும் கொஞ்சம் ஏத்தினா அதுவும் திடீர்னு கிளம்புது, அதுக்குள்ள ட்ரோன் ஒரு பக்கமா கவுந்துடுது. என் முதல் ட்ரோன்ல இதேதான் ஆச்சு. மோட்டார் போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கி மாட்டினேன், அப்பவும் அதே கதைதான். கடைசில பாத்தா மோட்டார்ல ஒரு குறையும் இல்ல, அதோட வேகத்த கட்டுப்படுத்தற ஈஎஸ்சி மட்டும் காலிபரேட் ஆகாம இருந்திருக்கு.

நான் வச்சிருக்கிறது எஃப்450 ஃப்ரேம், 2212 சைஸ்ல 920 கேவி மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி நாலு, 3எஸ் லைப்போ (மூணு செல் பேட்டரி), ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட், பீட்டாஃப்ளைட்ங்கற ட்ரோன் சாஃப்ட்வேர் ஏத்தின கண்ட்ரோல் போர்டு. உங்க பார்ட்ஸ் வேறயா இருந்தாலும் செய்யற வரிசை இதேதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு ப்ரொப்பெல்லரையும் கழட்டிடுங்க. தயவுசெஞ்சு இத தாண்டிப் போகாதீங்க. 920 கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு 920 சுத்து, ஃபுல் சார்ஜ்ல 3எஸ் 12.6 வோல்ட், அப்ப லோடு இல்லாம நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 11,600 சுத்து வருது. காலிபரேஷன்ல த்ராட்டில உச்சில வச்சுட்டுதான் பேட்டரியே குத்தப் போறோம், ஏதாவது ஒண்ணு தப்பினா 10 இன்ச் பிளேடு கைய கிழிச்சிடும்.

1. முதல்ல ரிமோட்

எல்லாரும் நேரா ஈஎஸ்சிக்குப் போயிடறாங்க, பாதி பிரச்சனை ரிமோட்லயே இருக்கும். யூஎஸ்பி குத்தி, பீட்டாஃப்ளைட்ல ரிசீவர் பக்கத்த தொறந்து த்ராட்டில் ஸ்டிக்க ஏத்தி எறக்கிப் பாருங்க. அடில 1000 கிட்ட, நடுவுல 1500, உச்சில 2000 கிட்ட வரணும். அடில 1050-க்கு கீழ வரலன்னா ட்ரோன் ஆர்மே ஆகாது (மோட்டார் சுத்த தயாராகாது), ஏன்னா போர்டு த்ராட்டில் இன்னும் எறங்கலன்னு நெனச்சுக்கும். ரிமோட் மெனுல எண்ட் பாயிண்ட்ஸ் (ஸ்டிக்கோட அடி, உச்சி எல்லை) போய் சரி பண்ணுங்க, ட்ரிம் பட்டன தொடாதீங்க, அது நடுவுலயே இருக்கட்டும். இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல பீட்டாஃப்ளைட் கனெக்ட் ஆகி இருக்கும்போது ரிமோட்ல ஆர்ம் ஆகாது, அது பாதுகாப்புக்காக வச்சது, ரிப்பேர்னு பயப்படாதீங்க.

2. காலிபரேஷன்

போர்டுல இருந்து ஈஎஸ்சிக்கு பல்ஸ் போகும், 1000 மைக்ரோசெகண்ட்னா நில்லு, 2000-னா முழு வேகம். ஒவ்வொரு ஈஎஸ்சிக்குள்ளயும் இருக்கற கிளாக் கொஞ்சம் முன்னப்பின்ன ஓடறதால, ஒரே பல்ஸ ஒண்ணு 1000-ன்னு அளக்கும், இன்னொண்ணு வேற மாதிரி அளக்கும். இதான் அடி, இதான் உச்சின்னு நாலுக்கும் ஒரே சிக்னல காட்டி மனசுல பதிய வைக்கறதுதான் காலிபரேஷன். டிஷாட்ங்கற டிஜிட்டல் சிக்னல்ல ஓடற ஈஎஸ்சின்னா வேகம் நம்பராவே போயிடுது, அங்க இந்த வேலையே தேவையில்ல, நேரா மூணாவதுக்கு போயிடுங்க.

பேட்டரிய கழட்டி வச்சுட்டு யூஎஸ்பி மட்டும் குத்துங்க. மோட்டார்ஸ் பக்கத்துல எச்சரிக்கைக்கு சம்மதம் குடுத்துட்டு மாஸ்டர் ஸ்லைடர 2000-க்கு ஏத்துங்க. இப்ப பேட்டரிய குத்துங்க, மோட்டார் ஒரு சின்ன ட்யூன் அடிச்சு, அப்புறம் பீப் பீப்னு ரெண்டு சத்தம் குடுக்கும், உடனே ஸ்லைடர 1000-க்கு எறக்கிடணும். லேட் பண்ணீங்கன்னா சில ஈஎஸ்சி செட்டிங் மெனுக்குள்ள போயிடும், பீப் விதவிதமா அடிக்க ஆரம்பிக்கும், அப்ப பேட்டரிய பிடுங்கிட்டு முதல்ல இருந்து செய்யுங்க. எறக்கினதும் நீளமா ஒரு பீப் வந்தா பதிஞ்சிடுச்சு. பீப் கணக்கு கம்பெனிக்கு கம்பெனி மாறும், டப்பால வந்த தாள தூக்கிப் போட்டுடாதீங்க.

3. சரியா பதிஞ்சுதான்னு பாக்கறது

இத நெறைய பேர் செய்றதே இல்ல. மோட்டார் 1-ல இருந்து 4 வரைக்கும் ஒவ்வொரு ஸ்லைடரா மெதுவா ஏத்தி, எந்த நம்பர்ல சுத்த ஆரம்பிக்குதுன்னு பேப்பர்ல எழுதுங்க. நாலும் பக்கம் பக்கமா இருக்கணும். என்னோடதுல மூணு 1050 கிட்ட கிளம்புச்சு, ஒண்ணு மட்டும் 1110-ல, அதான் ட்ரோன கவுத்த ஆளு. திரும்ப காலிபரேட் பண்ணதும் அதுவும் கூட சேந்துக்கிச்சு.

எழுதும்போதே எடத்தையும் பாத்துக்கோங்க. பீட்டாஃப்ளைட்ல 1 பின்னாடி வலது, 2 முன்னாடி வலது, 3 பின்னாடி இடது, 4 முன்னாடி இடது. வழக்கமான செட்டிங்ல 1-ம் 4-ம் கடிகார திசைல சுத்தும், மத்த ரெண்டும் எதிர் திசை. தப்பா சுத்தினா பேட்டரிய கழட்டிட்டு, ஈஎஸ்சில இருந்து அந்த மோட்டாருக்குப் போற மூணு வயர்ல ஏதாவது ரெண்ட மாத்திக் குத்துங்க, போதும். ஆர்டுபைலட்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர் ஓடற போர்டுல நம்பர் வரிசை வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

4. அப்பவும் ஒண்ணு மக்கர் பண்ணுச்சுன்னா

சுத்தாம டர் டர்னு நடுங்குதா, பெரும்பாலும் மூணு வயர்ல ஒண்ணு சரியா ஒட்டல. புல்லட் கனெக்டர லேசா இழுத்துப் பாருங்க, சால்டர் மங்கலா உருண்டையா இருந்தா திரும்ப சூடு பண்ணுங்க. வயர் நல்லாதான் இருக்குன்னா, அந்த மோட்டார பக்கத்து ஈஎஸ்சில குத்திப் பாருங்க. நடுக்கம் மோட்டார் கூடவே போச்சுன்னா மோட்டார் தப்பு, பழைய எடத்துலயே நின்னுச்சுன்னா ஈஎஸ்சி தப்பு. இந்த ரெண்டு நிமிஷ வேலைய அன்னைக்கு செஞ்சிருந்தா ஒரு மோட்டார் காசு எனக்கு மிச்சம்.

அப்புறம் ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். ப்ரொப்பெல்லர் இல்லாம டேபிள்ல வச்சு ஆர்ம் பண்ணி த்ராட்டில கொஞ்சம் ஏத்தினா, ஸ்டிக்க அசைக்காமலேயே ஒரு மோட்டார் தானா வேகம் ஏறிக்கிட்டே போகும். இது காலிபரேஷன் தப்பில்ல. ட்ரோன் சாஞ்சிருக்குன்னு போர்டு திருத்தப் பாக்குது, டேபிள்ல அது திரும்பவே இல்ல, அதனால இன்னும் இன்னும் அழுத்துது. இதுக்காக பிஐடி நம்பர (போர்டு எவ்வளவு திருத்தணும்ங்கற செட்டிங்) மாத்தி கெடுத்துக்காதீங்க.

எல்லாம் சரியானதும் ப்ரொப்பெல்லர மாட்டி, திசைய ஒரு தடவ பாத்துட்டு, புல்தரைல ஒரு நிமிஷம் இடுப்பு உயரத்துல நிறுத்திட்டு எறக்குங்க. பேட்டரிய கழட்டிட்டு உடனே நாலு மோட்டாரையும் தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சுடுதுன்னா அந்த ஷாஃப்ட் வளைஞ்சிருக்கா, பேரிங் கரகரங்குதா, மோட்டார் ஸ்க்ரூ நீளமா இருந்து உள்ள சுருள்ல இடிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் ரெண்டாவது தடவ ஏத்துங்க.