கால் குடைச்சலும் தூக்கமும்: இரும்புச்சத்து கொடுக்கும் முன்

ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளை ராத்திரி பதினொன்றாகியும் புரண்டுகொண்டிருந்தால், முதலில் காலைப் பற்றிக் கேளுங்கள். "கால் குடையுதும்மா, அமுக்கி விடு" என்கிறதா? எழுந்து நடந்தால் அடங்கி, படுத்ததும் திரும்புகிறதா? மூளையில் டோபமைன் சுரக்க இரும்புச்சத்து வேண்டும். அது குறைவதும் இந்தக் குடைச்சலுக்கு ஒரு காரணம். காலில் தொந்தரவே இல்லை, ஏடிஹெச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மருந்தைச் சாயங்காலம் கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் அந்த நேரத்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் குறைவதற்கு வெகு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு கரைந்துவிடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. லேப் ரிப்போர்ட்டில் 18 இருந்தாலும் 'நார்மல்' என்றே அச்சாகியிருக்கும். கால் குடைச்சல் உள்ள பிள்ளைக்கு மி.லி.க்கு 50 நானோகிராமுக்குக் கீழே போனாலே டாக்டர்கள் இரும்பு கொடுக்க யோசிப்பார்கள். காய்ச்சலில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். மும்பை மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும் குழப்பம். உடம்பு தேறி இரண்டு, மூன்று வாரம் கழித்து சிஆர்பியோடு (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சேர்த்துப் பாருங்கள். எம்சிவி (ரத்தச் சிவப்பணுவின் அளவு) குறைவாகவும் ஃபெரிட்டின் நன்றாகவும் இருந்தால் தலசீமியா மைனரா (பரம்பரையாக வரும் லேசான ரத்தக் குறைபாடு) என்று பார்க்க வேண்டும். அதற்கு இரும்பு மருந்தாகாது.

வழக்கமான அளவு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. எலிமெண்டல் அயர்ன், அதாவது மருந்தில் உள்ள நிகர இரும்பு. 20 கிலோ பிள்ளைக்கு 60 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 30 மி.கி. என்றிருந்தால் 10 மி.லி. ஃபெரஸ் ஃப்யூமரேட் என்ற இரும்பு உப்பின் எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள்: அதில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல இரும்பு மாத்திரையிலும் 60 மி.கி. உண்டு, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அளவை முடிவு செய்வது அவர்தான்.

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் காலை டிபனோடு பிள்ளைக்கும் ஒரு வாய் ஃபில்டர் காபி போகும். இரும்பு உடம்பில் சரியாக ஏறாததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, ராத்திரிப் பால். இரண்டுக்கும் மருந்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மோசம்பி ஜூஸோடு கொடுத்தால் நன்றாக ஏறும். சிரப் பல்லைக் கறுப்பாக்கும், ஸ்ட்ராவில் கொடுத்து வாய் கொப்பளிக்க வையுங்கள். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

தூங்கட்டும் என்று சளி, அரிப்பு சிரப் ஊற்றுவது சில வீட்டு வழக்கம். தூக்கம் வரவழைக்கும் அந்த அலர்ஜி மருந்துகளில் பல, குடைச்சலைக் கூட்டிவிடும்.

பலன் தெரிய வாரங்கள் ஆகும். மூன்று மாதத்தில் ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள். பார்க்காமல் பாட்டில் மேல் பாட்டில் வாங்காதீர்கள், மிஞ்சிய இரும்பு உடம்பைவிட்டு லேசில் வெளியேறாது.

பாட்டிலைப் பூட்டி வையுங்கள். சின்னத் தம்பி தங்கை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், பாட்டிலோடு பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். முதல் சில மணி நேரம் கழித்துப் பிள்ளை தெளிந்தது போலத் தெரியும்; அதன் பிறகும் ஈரல் கெடலாம்.