மோடத்தின் தொலைபேசி ஒலியை சவுண்ட் கார்டுக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைபேசிப் பேச்சைக் கணினியில் கேட்கவோ பதியவோ அந்த ஒலியை சவுண்ட் கார்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் தொலைபேசிக் கம்பியில் பேச்சு மட்டும் ஓடுவதில்லை. யாரும் பேசாதபோதும் அதில் சுமார் 48 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) நிற்கும். மணி அடித்தால் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசியும் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) சேர்ந்துகொள்ளும். சவுண்ட் கார்டின் லைன்-இன், அதாவது வெளி ஒலியை உள்ளே எடுக்கும் ஜாக், தாங்குவதோ ஒன்றிரண்டு வோல்ட். அதனால் கம்பி முனையில் ஒரு பிளக்கைப் பற்றவைத்து நேராகச் செருகுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பேசும்போது வோல்டேஜ் இறங்கிவிடுவதால் முதலில் வேலை செய்வதுபோலவே தெரியும். அடுத்த அழைப்பு வந்ததும் கார்டு போய்விடலாம்.

சரி, நடுவில் ஒரு கெப்பாசிட்டர் போட்டால் போதாதா? போதாது. அது டிசியைத் தடுக்கும், மணியின் ஏசியைத் தடுக்காது. அப்புறம் இரைச்சல் வேறு. தொலைபேசியின் இரண்டு கம்பிகளில் எதுவும் கணினியின் கிரவுண்டைத் தொடக்கூடாது. தொட்டால் 'ம்ம்ம்' என்ற மின் இரைச்சல் பேச்சை மூடிவிடும். லைனையும் கணினியையும் பிரித்து வைக்க 600:600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். லைன் பக்கம் குறைந்தது 250 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரும், கார்டு பக்கம் மிஞ்சும் வோல்டேஜை வெட்டிவிட எதிரெதிராக இரண்டு ஜீனர் டையோடுகளும் சேர்த்தால்தான் எனக்கு நிம்மதி.

வாய்ஸ் மோடம், அதாவது குரலையும் கையாளும் மோடம், இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். பிரித்துவைக்கும் வேலையை மோடமே செய்துவிடுகிறது, ஒலியை அதனிடமிருந்து எடுப்பதே நல்லது. கணினிக்குள்ளே பொருத்தும் பழைய வாய்ஸ் மோடம்கள் பலவற்றிலும் அக்கால சவுண்ட் கார்டுகளிலும் இதற்கென்றே டி.ஏ.டி. (டெலிஃபோன் ஆன்சரிங் டிவைஸ்) என்ற நான்கு பின் கனெக்டர் இருக்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் சவுண்ட் கார்டில் சி.டி. டிரைவுக்கான கனெக்டரும் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். இரண்டிலும் நடுப் பின்கள் கிரவுண்ட். சி.டி. கனெக்டரில் ஓரப் பின்கள் இரண்டும் கார்டுக்குள் வரும் இடது, வலது ஒலி. டி.ஏ.டி.யில் ஒன்று மோடத்திலிருந்து கார்டுக்கு, மற்றது கார்டிலிருந்து மோடத்துக்கு. மாற்றிச் செருகினால் எதிர்முனைக்காரர் குரல் உங்களுக்குக் கேட்கக்கூடும், உங்கள் குரல் அவருக்குப் போகாது. கனெக்டரின் நிறத்தை நம்ப வேண்டாம், போர்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் மின்சாரத்தோடு தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள். கை உள்ளே இருக்கும்போது மணி அடித்தால் நன்றாகவே ஷாக் அடிக்கும்.

வெளி மோடமானால் அதன் ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து லைன்-இன்னுக்கு எடுங்கள், மைக் ஜாக்குக்கு அல்ல. மைக் ஜாக் சின்ன சிக்னலையும் பெரிதாக்கும், குரல் உடைந்து கரகரக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே இல்லையா? வயரைச் சந்தேகிக்கும் முன் கணினியில் ஒலி அளவுகளைக் கட்டுப்படுத்தும் மிக்சரைத் திறந்து, 'ஃபோன்' சேனல் (லைன்-இன் வழியாக எடுத்தால் 'லைன்-இன்' சேனல்) மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்கிறது, ஆனால் பதிவாகவில்லை என்றால் ரெக்கார்டிங் பக்கத்திலும் அதே சேனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவுக்கு 8000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (விநாடிக்கு 8000 மாதிரிகள்), மோனோ போதும். சாதாரணத் தொலைபேசிக் குரலே 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. பதிவு செய்வதை எதிர்முனையில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பல நாடுகளில் சட்டமே அதைக் கேட்கிறது.