மலையகத்தில் லாயர் வைப்பது எப்படி: குடும்ப வழக்குக்கும் பொலிஸ் கேசுக்கும்

தங்கச்சியின் தாபரிப்பு (பிரிந்த கணவன் தரவேண்டிய பராமரிப்புக் காசு) வழக்கு, பிறகு அவளுடைய விவாகரத்து, நடுவில் சித்தப்பா மகனை ஒரு அடிதடியில் பொலிஸ் கொண்டுபோனது என்று எங்கள் வீட்டுக்குக் கோர்ட் வேலை வரிசையாக வந்ததில், லாயர் தேடுவது, காசு பேசுவது, சரிவராவிட்டால் மாற்றுவது எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இப்போது தோட்டத்தில் யாருக்கு என்ன என்றாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். லாயர் வைப்பதென்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு மட்டும்தான் இது.

எந்தக் கோர்ட்?

லாயரைத் தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாபரிப்பும், வீட்டில் அடி உதைக்கு எடுக்கும் பாதுகாப்புக் கட்டளையும் நீதவான் (மஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில். விவாகரத்தும், பிள்ளை யாரிடம் இருப்பது என்பதும் மாவட்ட நீதிமன்றத்தில். பொலிஸ் கேஸ் நீதவானிடம் தொடங்கும், பெரிய குற்றமென்றால் பிறகு நுவரெலியா, பதுளை, கண்டி மாதிரி இடத்திலுள்ள மேல் நீதிமன்றத்துக்குப் போகும். முஸ்லிம் குடும்பங்களுக்குக் காதி நீதிமன்றம், அங்கே லாயர் ஆஜராக முடியாது.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். பக்கத்துச் சிங்கள வீட்டுக்காரர்கள் பதிவாளர் கந்தோரிலேயே இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்துவிட்டார்களே, நமக்கு மட்டும் ஏன் கோர்ட் என்பார்கள். 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கானது, கண்டியில் குடியிருப்பதால் அது நமக்கு வந்துவிடாது. நமக்குப் பொதுச் சட்டம்தான். இன்னொரு ஆளுடன் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மாதிரிக் காரணம் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இருவருக்கும் சம்மதம் என்பது தனியாக ஒரு காரணம் இல்லை. முதல் தீர்ப்பு கிடைத்தாலும் அது நிரந்தரமாவதற்கே மூன்று மாதம் போகும். ஆகவே ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒரு லாயர் சொன்னால் கும்பிட்டுவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

ஆளைத் தேடுவது

கோர்ட் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் "என்ன கேஸ், வாங்க நல்ல லாயர் இருக்காரு" என்று வருகிறவர் பின்னால் போகாதீர்கள். அப்படி ஆள் பிடிப்பது சட்டத்தரணிகளின் ஒழுக்க விதிகளுக்கே எதிரானது. தோட்டத் தலைவர் சொல்லும் லாயர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் தொழிற்சங்கத்துக்குத் தொழில் வழக்கு பார்க்கிறவரா, குடும்ப வழக்கும் பார்க்கிறவரா என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து பெரிய ஆள் வேண்டாம் என்பது என் கட்சி. ஹட்டன் கோர்ட்டில் வழக்கு என்றால் ஹட்டன் கோர்ட்டில் தினமும் நிற்கிறவர்தான் வேண்டும், பயணச் செலவும் மிச்சம்.

நான் செய்வது இதுதான். வழக்கு போகப்போகும் கோர்ட்டுக்கு ஒரு காலையில் போய், போனை அணைத்துவிட்டு, பின் வாங்கில் உட்கார்ந்து பார்ப்பது. திறந்த நீதிமன்றம், யாரும் உட்காரலாம். யார் பைலைப் பார்க்காமலே வழக்கின் விவரம் சொல்கிறார், யார் ஒவ்வொரு வழக்கிலும் இன்னொரு திகதி கேட்டுக்கொண்டே இருக்கிறார், வெளியே வந்ததும் தன் ஆளைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று சொல்கிறவர் யார், எல்லாம் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும்தான், ஆனால் தப்பான ஆளை வைத்தால் எத்தனை பேர் போகும் என்று கணக்குப் பாருங்கள்.

பாஷை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் பக்கத்துக் கோர்ட்டுகள் சிங்களத்தில் நடக்கின்றன. அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரைப்படி நாம் தமிழில் மனுப் போடலாம், தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளரை அரசுதான் தர வேண்டும், அதை முதல் தவணையிலேயே (வழக்குக் கூப்பிடும் நாளிலேயே) கேட்கச் சொல்லுங்கள். ஆனால் லாயரிடம் கதை சொல்லும்போது நடுவில் கிளார்க் நின்று மொழிபெயர்ப்பது வேறு விஷயம். தங்கச்சி சொன்னது "அடிச்சுட்டு வீட்டை விட்டுப் போகச் சொன்னாரு", கிளார்க் எழுதியது "சண்டையால் வீட்டை விட்டு வெளியேறினார்". கைவிட்டது யார் என்பதே மாறிவிட்டது, விவாகரத்து வழக்கு நிற்பதே அதில்தான். அதனால் முழுக்கதையையும் சொல்லி முடித்ததும், "நான் சொன்னதை ஒருமுறை தமிழில் திருப்பிச் சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். நல்ல லாயர் கோபிக்க மாட்டார்.

காசில்லை என்றால் முதலில் சட்ட உதவி ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்தது, கோர்ட்டுகளை ஒட்டியே கிளைகள் உண்டு, வருமானம் குறைவு என்று காட்டினால் லாயர் இலவசம். சம்பளச் சிட்டையும் கிராம சேவகர் கடிதமும் எடுத்துப் போங்கள். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வந்து, லாயர் வைக்க வழியில்லை என்றால் நீதிபதியே அரச செலவில் ஒருவரை நியமிப்பார்.

முதல் சந்திப்பு

ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். போனில் நோட் எடுக்கும் செயலிகள் எதுவும் எனக்குப் பிடிக்காது, போன் கோர்ட்டுக்குள் அணைந்துதான் இருக்கும், அடுத்த தவணை சொல்லும் நேரத்தில் எழுதக் கை வேண்டும். முதல் பக்கத்தில் வழக்கு இலக்கம், அடுத்த பக்கத்திலிருந்து திகதி வாரியாக நடந்தது. விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, எல்லாம் போட்டோ கொப்பியுடன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி இருக்கும், அதை லாயர் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல் நீங்களே காட்டிவிடுங்கள். கல்யாணம் பதியவில்லை என்பதால் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்க முடியாது என்று நினைக்காதீர்கள், முடியும், தகப்பன் அவர்தான் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். வந்த அழைப்பாணை சிங்களத்தில் இருந்தால் கூகுள் லென்ஸ் திகதியையும் கோர்ட்டின் பெயரையும் பார்க்க உதவும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் காசு. "மொத்தம் எவ்வளவு சார்" என்று கேட்டால் ஒரு தொகை வரும், அதில் எது அடங்கும் என்று வராது. வழக்குப் போட எவ்வளவு, ஒரு தவணைக்கு எவ்வளவு, நீதிபதி லீவில் போய்த் தவணை தள்ளிப்போனாலும் அந்தக் காசா, தட்டச்சுக்கும் முத்திரைக்கும் தனியா, அன்றைக்கு நீங்களே வருவீர்களா ஜூனியர் வருவாரா. இதையெல்லாம் கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள், வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், ஆறு மாதம் கழித்து யாரும் தேடிக் கேட்கப்போவதில்லை. கொடுத்த காசுக்கு ரசீது. "மேலே கொடுக்க வேண்டும்" என்று காசு கேட்டால் அந்த ஆள் வேண்டாம்.

புரொக்சி, இதைக் கவனமாக வாசியுங்கள்

மாவட்ட நீதிமன்ற வழக்கில் லாயர் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார். அதுதான் புரொக்சி, அவரை உங்கள் பதிவு செய்த சட்டத்தரணியாக நியமிக்கும் பத்திரம். தங்கச்சியின் விவாகரத்துக்கு முதலில் வைத்தவர் தவணைக்கு வருவதையே நிறுத்திவிட்டார், போனும் எடுப்பதில்லை. சரி, வேறு ஆளைப் பார்ப்போம் என்று போனால், புது லாயர் பைலைப் பார்த்துவிட்டு, "அவருடைய புரொக்சி இருக்கும்வரை நான் எழும்ப முடியாதேம்மா" என்கிறார்.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 27ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. கோர்ட்டில் தாக்கல் செய்த புரொக்சி தானாக முடியாது. நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து, பழைய லாயருக்கு அறிவித்தல், கோர்ட்டின் அனுமதி, மூன்றும் இருந்தால்தான் ரத்தாகும். லாயர் இறந்துவிட்டாலோ தொழில் செய்யத் தடை வந்தாலோ வேறு கதை. எனவே மாற்றுவதென்றால் வரிசை இப்படி: பழையவருக்கு மீதிக் காசு இருந்தால் கொடுத்து ரசீது வாங்குங்கள், பைலைத் திருப்பிக் கேளுங்கள், அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் வேலை சுலபம், போடாவிட்டால் புது லாயர் அறிவித்தல் அனுப்பி மனுப் போடுவார். அதற்குள் ஒரு தவணை போய்விடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஆள் தேவையா என்றும் யோசியுங்கள். பத்திரம் தாக்கல் செய்கிறவர் ஒருவராகவும் கோர்ட்டில் எழும்பிப் பேசுகிறவர் இன்னொருவராகவும் இருக்கலாம், நம் டவுன்களில் பெரும்பாலும் ஒரே ஆள் இரண்டையும் செய்வதால் இது வெளியே தெரிவதில்லை. பேச்சுத்தான் சரியில்லை என்றால் புரொக்சியை அப்படியே வைத்து, பேச மட்டும் வேறொருவரை வைக்கச் சொல்லலாம்.

வெறும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், பெயர், வழக்கு, கோர்ட் நிரப்பியிருக்க வேண்டும், போட்டதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அற்றோணித் தத்துவம் (பவர் ஒப் அற்றோர்னி, உங்களுக்காக இன்னொருவர் செய்ய அதிகாரம் கொடுப்பது) என்பது வேறு பத்திரம், அதில் சொத்தையும் எழுதிக்கொடுக்கும் அதிகாரம் இருக்கலாம். உள்ளூரிலேயே இருக்கும் உங்களிடம் விவாகரத்துக்கு அதைக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

பொலிஸ் பிடித்தால்

இங்கே தேடிப் பார்த்துத் தெரிவு செய்ய நேரமில்லை, அந்த நீதவான் நீதிமன்றத்தில் நிற்கும் யாரையாவது உடனே பிடியுங்கள், மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும் என்பது பொதுவிதி. லாயர் பொலிஸ் நிலையத்துக்கே வரலாம், அதற்கு 2012இல் விதிகள் வந்திருக்கின்றன. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், கையெழுத்துக்கு முன் விளங்கும் பாஷையில் வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆவது பிரிவு இடம் தருகிறது. சித்தப்பா மகனிடம் இதை மட்டும்தான் லாயர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெளியே இருப்பவர்களின் வேலை பிணையாளிகள். அடையாள அட்டையும் கிராம சேவகர் சான்றிதழும் கேட்பார்கள், கிராம சேவகர் எல்லா நாளும் கந்தோரில் இருக்க மாட்டார், முதல் நாளே போய்ப் பிடியுங்கள். காசுப் பிணை கட்டினால் ரசீதைத் தொலைக்காதீர்கள், வழக்கு முடிந்து அதைத் திருப்பி எடுக்கலாம்.

சேர்த்தது: கடிதம் தோட்ட ஆபிஸில் கிடந்ததால் தவணை தெரியாமல் பிடியாணை வந்துவிட்டது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். லயத்து முகவரியை மட்டும் கொடுக்காமல், டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் முகவரியையும் லாயரிடம் கொடுங்கள். பிடியாணை வந்துவிட்டால் ஒளியாமல், லாயருடன் நீங்களே கோர்ட்டுக்குப் போய் நில்லுங்கள்.

இன்னொன்று: வீட்டில் அடி தாங்க முடியாதவர்கள் விவாகரத்து லாயரைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் இடைக்காலக் கட்டளை வாங்கலாம், அது 14 நாள், பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. உங்களுக்காகப் பொலிசும் மனுப் போடலாம்.

கடைசியாக, அக்கா குவைத்தில் வீட்டு வேலையில், கணவன் இங்கே, வழக்குப் போடலாமா என்ற கேள்வி. போடலாம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அற்றோணித் தத்துவம் அனுப்பினால், இங்கே அம்மாவோ அண்ணனோ லாயரிடம் போய் வேலையைத் தொடங்கலாம், ஆனால் அந்த வழக்கு ஒன்றுக்கு மட்டும் என்று பத்திரத்தில் எழுதுங்கள். விசாரணை நாளில் சாட்சி சொல்ல அக்கா வர வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு, லீவு எந்த மாதம் கிடைக்கும் என்பதை இப்போதே லாயரிடம் சொல்லிவிடுங்கள், திகதி எடுக்கும்போது அதைப் பார்த்துக் கேட்பார்.